வாழைப்பழம் மட்டும்

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் வருகிற வெளியாட்களை யாரும் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. உடுப்பைப் பார்த்துத்தான். வெள்ளைச் சேலையும் குடையுமாக மிட்வைஃப் வந்தால் எந்த வீட்டிலோ பிள்ளை உண்டாகியிருக்கிறது. சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ.யின் காக்கி வந்தால் நுளம்புச் சோதனை. பூச்சாடித் தட்டுகளை எல்லோரும் அவசரமாகக் கவிழ்ப்பார்கள். தாதியின் வெள்ளைச் சட்டை வந்தால் சீனி வருத்தக்காரர் யாரோ ஒருவரின் காலுக்கு மருந்து கட்ட. டொக்டரின் கோட் மட்டும் அந்த ஒழுங்கைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. மனிதர்கள்தான் டொக்டரிடம் போவார்கள்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இந்த நான்கு உடுப்புகளும் சேர்ந்து, ஒன்றின் பின் ஒன்றாக, கப்பலில் இருந்து இறங்கி வந்த தூதுவர்களைப் போல ஒழுங்கைக்குள் நுழைந்தபோது, பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூட மறந்தார்கள். பிறிஜெற் அக்காவின் வாளி நிரம்பி வழிந்தது. நான்கும் ஒரே வாசலில் போய் நின்றன. அது இராமலெட்சுமியின் வாசல்.

இராமலெட்சுமி சோத்துப் பார்சல் கட்டி விற்கிறவள். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு சம்பல், ஒரு அப்பளம். லன்ச் ஷீட்டில் சுற்றி, பழைய பேப்பரால் மடித்து, றப்பர் பான்ட் போட்டு அடுக்கினால், புருஷன் தியாகு தன் ஓட்டோவில் ஏற்றிப் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டு போவான். எல்லாம் சைவம். மீனோ முட்டையோ அந்த அடுப்பில் ஏறியதே கிடையாது. தியாகுவின் ஓட்டோ ஓடி வரும் காசு ஓட்டோவின் டயருக்கே போதாது என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்த வீடு நின்றது அடுப்பின் மேல்.

போன வருஷம் அவளுக்கு இருமல் வந்தது. பிறகு சளியில் இரத்தம் வந்தது. பொரளைப் பக்கம் போய்க் காட்டினாள், டீ.பி. என்றார்கள். அன்றைக்கே அடுப்பை அணைத்தாள். இனிச் சமைக்கலாம் என்று டொக்டர் வாயால் சொன்ன பிறகுதான் திரும்ப மூட்டினாள். ஆறு மாதம் ஒரு மருந்துக் குளிசையும் தவறவில்லை. கடைசியில் நெஞ்சு சுத்தம் என்று படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கறுப்புப் படத்தில் தன் விலா எலும்புகள் இரவில் தெரியும் பனிமூட்டத்து வேலி போல இருந்ததை அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். ஒழுங்கைக்குச் சொன்னது கேஸ்ட்ரிக் என்று. ஒழுங்கையும் நம்பியது.

நம்பியதற்குக் காரணம் ஜயலத் மாத்தயா. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பீ.எச்.ஐ. அவர்தான், சிங்களவர். அவளை விசாரிக்க வரும் நாட்களில் காக்கி போட மாட்டார். பூப்போட்ட சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைக் கோயில் மதிலோடு விட்டுவிட்டு, வாடிக்கையாளர் மாதிரி நடந்து வருவார். "அக்கா, ஒரு பார்சல்" என்பார். அவள் கட்டும்போது, "மருந்து சரியா?" என்று மெல்லக் கேட்பார். பார்சலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தெரிந்தும் என் கைச் சோற்றைச் சாப்பிடுகிற ஒரே மனிதர் என்று அவள் தியாகுவிடம் சொல்வாள்.

"அப்ப நான் யாரு?" என்பான் தியாகு.

"நீங்க புருஷன். உங்களுக்கு வேற வழியில்ல."

அவளுடைய வீட்டை இந்த நால்வருக்கும் பயிற்சிக்குக் கொடுத்தவரும் ஜயலத் மாத்தயாதான். நல்ல நோயாளி, மருந்து முடித்தவள், மரியாதையாகப் பதில் சொல்வாள், படிக்கிற பிள்ளைகளுக்கு ஏற்ற வீடு என்று.

"வணக்கம் அன்ரி," என்றாள் கோட் போட்ட பெண். வெள்ளவத்தைப் பிள்ளை என்பது குரலிலேயே தெரிந்தது. "நாங்கள் நாலு பேரும் ஒரு ரீம். நான் விஷ்ணுப்பிரியா, மெடிக்கல் ஸ்டூடன்ட். இவ பர்ஹா, நேர்சிங். இவர் மிதுஷன், பீ.எச்.ஐ. ட்ரெயினிங். அவ ஐறீன், மிட்வைஃப் ட்ரெயினிங். முந்தியெண்டா ஒவ்வொருத்தரா வந்து உங்களைக் கரைச்சல்படுத்துவினம். இப்ப எல்லாரும் ஒண்டாப் படிக்கிறம், ஒண்டா வாறம்."

"என்னத்துக்கு மிஸ் வந்தீங்க?" என்று இராமலெட்சுமி தாழ்ந்த குரலில் கேட்டாள். "உள்ளுக்கு வாங்களேன்."

உள்ளே இடம் இருக்கவில்லை. தரை முழுவதும் கட்டி அடுக்கிய பார்சல்கள். நான்கு சோடிச் செருப்பை வைப்பதற்குக்கூட வழியில்லை.

"பரவாயில்லை அன்ரி, இதிலயே நிண்டு கதைப்பம்."

அந்தப் பயிற்சிக்கு ஒரு முறை இருந்தது. நோய்க் கண்காணிப்புக்குப் போகும்போது அவரவர் துறையின் சீருடையில் போக வேண்டும். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. ஒவ்வொருவரும் தன் துறைக் கேள்வியைக் கேட்கும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. முடிவில் ஒருவர் எல்லாவற்றையும் எளிய வார்த்தையில், நால்வருக்கும் கேட்கும்படி, வீட்டாரிடம் திருப்பிச் சொல்லிச் சரி பார்க்க வேண்டும். அதற்குத் தனியாகப் புள்ளி உண்டு.

மிதுஷன் யன்னல் எத்தனை, அறைக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டான். பர்ஹா, "ராவைக்கு இருமல் ஈக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஐறீன் சின்னப் பிள்ளைகள் யாராவது இங்கே வந்து சாப்பிடுவார்களா என்று கேட்டாள். நல்ல பிள்ளைகள்தான். யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. இராமலெட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், அல்லது "ம்" என்றாள். பைப்படியில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஒரு திரைபோல நடுவில் தொங்குவதாக அவளுக்கு ஓர் ஆறுதல்.

பிறிஜெற் அக்கா அப்போதுதான் குழாயை மூடினாள்.

விஷ்ணுப்பிரியா நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்பதுபோல் நின்று, தெளிவாகச் சொன்னாள்: "ஆக, அன்ரிக்குப் போன வருஷம் டீ.பி. இருந்தது. ஆறு மாசம் ஒழுங்கா மருந்து எடுத்து முழுக்கச் சுகம். இப்ப ஒருத்தருக்கும் பரவாது. நான் சொன்னது சரியா அன்ரி?"

இராமலெட்சுமி பைப்படியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"சரி மிஸ்," என்றாள். வேறு என்ன சொல்வது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"குட்," என்றான் மிதுஷன். பிறகு பார்சல்களைப் பார்த்து, "மணக்குது அக்கா. பசியைக் கிளப்பிப்போட்டியள்," என்று சிரித்தான்.

ஒழுங்கை அந்த வாக்கியத்தை முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிவுநீர்க் காணுக்குள் போட்டுவிட்டது. மறுநாள் காலையில் பிறிஜெற் அக்கா, வழக்கமாகக் குழம்பு வாங்கிப் போகும் கிண்ணத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். அது இராமலெட்சுமியின் கிண்ணம். கையில் கொடுக்கவில்லை.

"ஒண்டும் நினைக்காத பிள்ள. எனக்கெண்டா ஒண்டுமில்ல. மருமகள் வயித்தில பிள்ளையோட இருக்கிறா."

"சுகமாயிருச்சு அக்கா. அந்தப் பிள்ளையே சொல்லிச்சே, கேட்டீங்கதானே."

"சுகமாயிருந்தா ஏன் நாலு பேர் வாறாங்க?"

இராமலெட்சுமியும் அதைத்தான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறிஜெற் கெட்டவளும் அல்ல. கேஸ்ட்ரிக் என்று நம்பிய நாட்களில் இவளுக்காக அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியவள்.

புறக்கோட்டைக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஒருவேளை தியாகுவின் ஓட்டோவைவிட வேகமான வாகனம் ஏதாவது ஒழுங்கையில் இருந்திருக்கலாம். அடைக்கப்பன் முதலாளி தன் புடவைக் கடைப் பையன்களுக்கு வருஷக்கணக்காக அவளிடம்தான் பார்சல் எடுத்தார். அவர் கடைக்கு வெளியே வந்து, தியாகுவின் தோளில் கை போட்டு, மிக மரியாதையாகப் பேசினார்.

"பசங்க எல்லாம் வீட்லேர்ந்து கொண்டாந்து சாப்பிடட்டும்னு பாக்கிறேன் தியாகு. உடம்புக்கும் நல்லதுல்ல."

இரண்டு நாள் கழித்து தியாகு அந்தப் பக்கமாகப் போனான். திரும்பி வந்து சொன்னான்: "எல்லாப் பசங்க வீட்லயும் ஒரே கலர் றப்பர் பான்ட் வாங்கியிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கட்டியதில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. அடுத்த வாரம் மற்றக் கடைகளும் பார்சலை நிறுத்தின. ஒருநாள் விடிந்தபோது அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அந்த வீட்டில் அந்த நேரத்தில் சீரகம் பொரியும் வாசனை இல்லாமல் இருந்தது, கடிகாரம் நின்றுபோன வீட்டைப் போல. தியாகு எழும்பி, வாசனை இல்லாததைக் கேட்டவன்போலத் திடுக்கிட்டு, "என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. படுங்க."

நால்வரும் மறுபடி வந்தார்கள். மறுபடி அதே உடுப்பில். அவள் வாசலில் நின்றதை, படியில் இன்னும் எடுக்காமல் கிடந்த கிண்ணத்தோடு மிதுஷன் படம் எடுத்தான். ஐறீன் மட்டும் வாசலில் கொஞ்சம் தயங்கி, "நான் தனிய, வீட்டுச் சட்டையோட வாறனெண்டுதான் சொன்னனான் அக்கா. அப்பிடி வர ஏலாதாம்," என்றாள்.

இம்முறை எல்லோரும் உள்ளே வர முடிந்தது. தரை காலியாக இருந்தது. நான்கு சோடிச் செருப்பும் தாராளமாகக் கிடந்தன. அவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். நடந்ததை இராமலெட்சுமி சொன்னாள். குரல் உயராமல், குற்றம் சாட்டாமல், கடை கடையாகச் சொன்னாள். விஷ்ணுப்பிரியாவின் கண்கள் நிறைந்து, கோட்டின் மேல் ஒரு துளி விழுந்தது.

"சொறி அன்ரி. இதை நாங்கள் எங்கட ரிஃப்ளெக்ஷன் ரிப்போர்ட்ல எழுதுவம். உங்களிட்ட நாங்கள் எவ்வளவோ படிச்சிட்டம்."

"எனக்கு என்ன செய்யிறது மிஸ்?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பர்ஹாதான் முதலில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை ட்ரெயினிங் க்ளோசிங் ஈக்கி. வெள்ளவத்தையில. சேர், மிஸ்மார், எல்லா டீமும் வருவாங்க. பகல் சாப்பாட்டை ஆன்ட்டிக்கே குடுத்தா என்ன?"

"சூப்பர் ஐடியா," என்றான் மிதுஷன். விஷ்ணுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே டொக்டர் யோகநாதனுக்கு ஃபோன் எடுத்தாள். பயிற்சியை நடத்துபவர் அவர். அவருக்கும் அது பிடித்திருந்தது; ஃபோனுக்குள்ளிருந்து அவர் உற்சாகமாகப் பேசுவது பாய்வரைக்கும் கேட்டது.

இராமலெட்சுமி உடனே ஓம் என்று சொல்லவில்லை.

"சாப்பிடுவீங்களா?"

"என்ன அன்ரி, இப்பிடிக் கேக்கிறீங்கள்? சாப்பாட்டால இது பரவாதெண்டு எங்களுக்குத் தெரியாதே? அதுவும் நீங்கள் சுகமான ஆள்."

"இல்ல மிஸ். வாங்கிறது வேற. சாப்பிடுவீங்களான்னு கேக்கிறேன்." அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "டொக்டர்மாரு என் சாப்பாட்டைச் சாப்பிட்டாங்கன்னு இருந்தா இந்த லேன் ஒண்ணும் பேசாது. எனக்கு அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

நால்வரும் ஒவ்வொருவராக, சத்தியம் செய்வதுபோல, சாப்பிடுவோம் என்றார்கள். மிதுஷன், "நான் ரெண்டு பார்சல்," என்றான்.

அவர்கள் போனதும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள். வீட்டில் தண்ணீர் இருந்தது. பெண்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள், தாராளமாகவே விட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை பெரிய ஓடர் அக்கா," என்றாள் பிறிஜெற்றிடம். "டொக்டர்மாருக்கு."

"எந்த டொக்டர்மாருக்கு?"

"எல்லா டொக்டர்மாருக்கும். நேர்ஸ்மாருக்கும். வெள்ளவத்தையில விழா."

பிறிஜெற் அவளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய மெழுகுதிரியின் வெளிச்சம் கொஞ்சம் திரும்பி வந்தது. "டொக்டர்மார் சாப்பிட்டாப் பிறகு என்ன பிள்ள? நாங்களும் சாப்பிடுவோம்தானே," என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு அவள் எதையும் குறைக்கவில்லை. சம்பா அரிசி. பருப்பில் தாராளமாகத் தேங்காய்ப்பால். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும். கத்தரிக்காயைப் பொரித்து மோஜு. தேங்காய்ச் சம்பலை அம்மியில் வைத்து அரைத்தாள். மெஷின் சம்பல் வாயில் ஒட்டாது என்பது அவள் எண்ணம். கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். தலைக்குத் துணி கட்டினாள். பிறகு மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் போட்டாள், அதைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். ஒவ்வொரு பார்சலோடும் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் வைத்தாள். அது ஓடரில் இல்லை. அவளுடைய சந்தோஷம்.

ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டும்போது தியாகு வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். "எங்க தியாகு, கல்யாணமா?" என்று யாரோ கேட்டார்கள். "டொக்டருங்களுக்குச் சாப்பாடு," என்று பிறிஜெற் அக்காவே பதில் சொன்னாள்.

மண்டபம் கடற்கரைப் பக்கமாக இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் பேசுகிறவர் நிறுத்தி, போனபின் தொடர்ந்தார். இராமலெட்சுமியை முன்வரிசையில் இருத்தி, கையில் ஒரு பூச்செண்டும் கொடுத்தார்கள். சமூகப் பங்காளி என்று மேடையில் அவளை அழைத்தார்கள். திரையில் அவளுடைய வாசல் வந்தது. கதவின் நீலம், படியில் கிடந்த கிண்ணம். அவள் முகம் இருந்த இடத்தை மட்டும் பனிபோல மங்கலாக்கியிருந்தார்கள். அந்த மங்கலைப் பார்த்ததும் மண்டபத்தில் எல்லோரும் திரும்பி முன்வரிசையில் இருந்த முகத்தைப் பார்த்தார்கள்.

விஷ்ணுப்பிரியா நன்றாகப் பேசினாள். ஒரு வீட்டில் நான்கு துறையும் சேர்ந்து நின்றபோது தான் பார்க்காததை மற்றவர்கள் பார்த்தார்கள் என்றாள். தவறிய இடத்தையும் மறைக்கவில்லை. சமூகத்தின் ஒதுக்கல் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க நேரமானது. அவர்களுடைய குழுவுக்குத்தான் முதலிடம்.

பிறகு டொக்டர் யோகநாதன் எழுந்து, பிள்ளைகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"டீ.பி. எதால பரவும்?"

"காத்தால!" என்றது மண்டபம்.

"சாப்பாட்டால?"

"இல்லை!"

"மருந்து முடிச்ச ஆளிட்ட இருந்து?"

"இல்லை!"

இராமலெட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பேர், இத்தனை உடுப்பில், ஒரே குரலில் அவளுக்காகச் சொல்கிறார்கள். இந்தச் சத்தத்தை ஒரு சட்டியில் போட்டு மூடிக்கொண்டுபோய்ப் பைப்படியில் திறந்துவிட முடிந்தால் என்று நினைத்தாள்.

சாப்பாட்டுக்கு விட்டபோது நேரம் நன்றாகப் பிந்தியிருந்தது. எல்லோரும் வரிசையாக வந்து, அவளிடமிருந்து இரண்டு கையாலும் பார்சலை வாங்கினார்கள். பார்சலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். "அன்ரி, நடுவில வாங்கோ. சிரியுங்கோ." அவள் சிரித்தாள். டொக்டர் யோகநாதனுக்கு ஃபோன் வந்தது. பார்சலோடு யன்னலடிக்குப் போனவர், பேசிக்கொண்டே வெளியே போனார். பார்சல் யன்னலில் இருந்தது.

மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பார்சலை மடியில் வைத்தார்கள், கதிரையின் கீழ் வைத்தார்கள், பையின் மேல் வைத்தார்கள். பேசினார்கள். றப்பர் பான்ட் கழற்றும் சின்னச் சத்தத்துக்காக இராமலெட்சுமி காத்திருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு எந்தக் கூட்டத்திலும் கேட்கும்.

விஷ்ணுப்பிரியாவிடம் போனாள். "சாப்பிடுங்க மிஸ். ஆறிடும்."

"அன்ரி, சொறி. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே. விரதம்."

"சைவந்தானே மிஸ்."

"ஓம் அன்ரி, ஆனா நான் பழம் மட்டுந்தான்." வாழைப்பழத்தை எடுத்து நுனியைக் கிள்ளி உரித்தாள். "நல்ல இனிப்பு."

பர்ஹாவுக்கு உம்மா காலையிலேயே சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். அதை வீணாக்க ஏலாது, பார்சலை வீட்டுக்குக் கொண்டு போவதாகச் சொன்னாள். பழத்தைச் சாப்பிட்டுவிட்டாள். இரண்டு பார்சல் கேட்ட மிதுஷனுக்கு வயிறு சரியில்லை. "பழம் வயித்துக்கு நல்லமாம் அக்கா," என்றான், தோலை எங்கே போடுவதென்று தேடிக்கொண்டே.

ஐறீன் மட்டும் பார்சலைப் பிரித்தாள். வாழ்நாளில் எந்தக் கதவு திறந்தபோதும் இராமலெட்சுமி அப்படி மூச்சைப் பிடித்ததில்லை. ஐறீன் அப்பளத்தை எடுத்து ஓரமாகக் கடித்தாள். சோற்றில் விரல் நுனியை வைத்தாள். கொஞ்சம் பருப்போடு பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து இராமலெட்சுமியைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"கை கழுவிட்டு வாறன் அக்கா."

கழிவறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடியது.

யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. டொக்டருக்குப் படிப்பவர்கள், தாதிக்குப் படிப்பவர்கள், காக்கிகள், வெள்ளைச் சேலைகள் எல்லோரும், திரையில் அம்புக்குறி போட்டுக் காலையெல்லாம் விளக்கிய ஒற்றுமையோடு, பழத்தை மட்டும் உரித்துச் சாப்பிட்டார்கள். அது தோலுக்குள் இருந்தது. அவள் கை அதன் உள்ளே படவில்லை. பிரிக்காத பார்சல்களின் மேல் மஞ்சள் தோல்கள் கைவிரல்கள்போல விரிந்து கிடந்தன.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அவள் ஓடினாள். ஜயலத் மாத்தயா, இன்றைக்குக் காக்கியில். பார்சலை மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, நீங்களாவது உள்ளுக்கு வந்து சாப்பிடுங்களேன். எல்லாரும் பாக்கிற மாதிரி."

"ஐயோ அக்கா, நான் எப்பவும் வீட்டுலதான். வீட்டு நோனாவும் ஆசை." அவர் அன்பாகச் சிரித்து, பெட்டியைப் பூட்டினார். "அக்கா வைக்கிற அந்த மீன் கறி இருக்குதானே, சா! அது எப்பவும் ஹொந்தயி."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பூப்போட்ட சேட்டில் அவர் வந்துபோன அத்தனை நாளும், கோயில் மதில்வரை பார்சலோடு நடந்துபோன அந்த முதுகும், அந்தப் பெட்டியும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. எந்தத் திருப்பத்தில், எந்தக் குப்பைத் தொட்டியில் என்று மட்டும் தெரியவில்லை.

மண்டபம் காலியானபின் அவளும் தியாகுவும் பார்சல்களைப் பொறுக்கினார்கள். வீட்டுக்கு என்று கொண்டுபோனவையும் படிக்கட்டில், வாசல் மதிலில், பூச்சாடிக்குப் பின்னால் இருந்தன. தியாகு ஒன்றை எடுத்து, அது மறைத்து வைக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்து, "நல்ல பழக்கம். தரையில போடல்ல," என்றான்.

"கோயிலடியில இருக்கிறவங்களுக்குக் குடுத்திடலாமா?" என்றாள் அவள்.

தியாகு ஒன்றைப் பிரித்து மணந்து பார்த்தான். காலையிலிருந்து வெக்கையில் இருந்த சம்பல் புளித்திருந்தது. கொடுக்க முடியாது. கொண்டுபோகவும் முடியாது, நிரம்பிய பைகளோடு ஒழுங்கைக்குள் நுழைந்தால் பைப்படிக்கு எல்லாம் தெரிந்துவிடும். இருவரும் தண்டவாளத்தைக் கடந்து கடலோரக் கற்களில் இறங்கினார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினாள். தான் கட்டியதைத் தானே அவிழ்த்தாள். முதலில் ஒரு காகம் வந்தது, பிறகு வானமே இறங்கி வந்ததுபோலக் காகங்கள். அவை எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டன. லன்ச் ஷீட்டுகளை அவள் கடல் தண்ணீரில் அலம்பி மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பைகளை உதறினாள்.

ஒழுங்கையில் பெண்கள் காத்திருந்தார்கள். தியாகு ஓட்டோவைப் பைப்படியிலேயே நிறுத்தி, வெறும் பைகளைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரு பருக்கை மிஞ்சல்ல அக்கா. டொக்டருங்க விரலை வழிச்சுச் சாப்பிட்டாங்க."

"மெய்யா பிள்ள?" என்று பிறிஜெற் இராமலெட்சுமியைக் கேட்டாள்.

"ஆமா அக்கா. எல்லாரும்."

பிறிஜெற் பைகளைப் பார்த்தாள். ஒன்றை வாங்கி உள்ளே எட்டிக்கூடப் பார்த்தாள். மற்றப் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுவாங்கதானே," என்றாள். "அவங்களிட்ட மருந்து இருக்கு. ஏதும் வந்தாலும் பாத்துக்கொள்ளுவாங்க. எங்களுக்கு யார் இருக்கிறா பிள்ள?"

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். மற்றவர்களும் வாளிகளைத் தூக்கினார்கள்.

வீட்டுக்குள் சட்டிகள் கழுவாமல் கிடந்தன. தியாகுவுக்குப் பசித்தது, காலையிலிருந்து அவனும் சாப்பிடவில்லை, ஆனால் கேட்கவில்லை. அவளுடைய ஃபோன் நடுங்கியது. விஷ்ணுப்பிரியா படம் அனுப்பியிருந்தாள். எல்லோரும் பார்சலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நடுவில் இராமலெட்சுமி. கீழே எழுதியிருந்தது: சாப்பாடு சூப்பர் அன்ரி. தாங்க்ஸ்.

தியாகு எட்டிப் பார்த்தான். "இதைக் காட்டுவோம்," என்றான். "எழுத்தில இருக்கே." ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

பைப்படியில் யாரும் இருக்கவில்லை.